பேனரில் ‘அனைவருக்கும் இடம்’, மேடைக்கு ஏற ஐந்து படி: கல்லூரி விழாக்களில் நாம் செய்யும் தவறுகள்

டிசம்பர் 3, மாற்றுத்திறனாளிகள் தினம். கல்லூரியில் விழா, நான்தான் ஒருங்கிணைப்பாளர். மேடை 3 அடி உயரம், பின்னால் பளபளவென்று ஃபிளக்ஸ், அதில் ‘வேற்றுமையில் ஒற்றுமை’ என்று கொட்டை எழுத்தில். சக்கர நாற்காலியில் வரும் இரண்டாமாண்டு மாணவர் ஒருவருக்குப் பாராட்டு. அவர் பெயரை அழைத்த பிறகுதான் எங்களுக்குப் படிக்கட்டு ஞாபகம் வந்தது. நான்கு பையன்கள் ஓடிப்போய் நாற்காலியோடு தூக்கி மேடையில் வைத்தார்கள், அரங்கமே எழுந்து கைதட்டியது, பத்துப் பேராவது வீடியோ எடுத்திருப்பார்கள், எனக்குமே கண் கலங்கிவிட்டது. மறுநாள் அவர் என் அறைக்கு வந்து சொன்னது இவ்வளவுதான்: “சார், தூக்குறதுக்கு முன்னாடி என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.”

அன்றிலிருந்து எந்தக் கல்லூரி விழாவுக்குப் போனாலும் மேடைக்கு ஏறும் வழியைத்தான் என் கண் முதலில் தேடுகிறது. பொங்கல் விழா, ஓணம், எத்னிக் டே, மகளிர் தினம், கல்ச்சுரல்ஸ் என்று வருஷம் முழுக்க எதையாவது கொண்டாடிக்கொண்டுதான் இருக்கிறோம். யாருக்காக எடுக்கிறோமோ அவர்களைத் திட்டமிடும் கூட்டத்துக்குக் கூப்பிடுவதில்லை, விழா அன்றைக்கு மட்டும் கூப்பிடுகிறோம். கீழே எழுதியிருக்கும் தவறுகள் எல்லாம் அங்கிருந்து முளைத்தவை. பாதிக்கு மேல் நானே செய்தவை.

மேடையிலிருந்தே ஆரம்பிக்கலாம்

சாய்தளத்துக்கு ஒரு கணக்கு உண்டு, 1:12. ஓர் அடி உயரத்துக்கு 12 அடி நீளம். அப்படியானால் எங்கள் 3 அடி மேடைக்கு 36 அடி நீளச் சாய்தளம் வேண்டும், ஏறக்குறைய ஒரு பேருந்தின் நீளம். பந்தல்காரரிடம் சொன்னால் 6 அடிப் பலகை ஒன்றைச் சாய்த்து வைத்துவிட்டு “ரேம்ப் போட்டாச்சு சார்” என்பார். அது ரேம்ப் இல்லை, பூங்காவில் குழந்தைகள் விளையாடும் சறுக்குமரம். இதற்குச் சுலபமான வழி மேடையைத் தாழ்த்துவது. ஓர் அடி மேடை போதும், 12 அடிச் சாய்தளம் எந்த அரங்கிலும் அடங்கும். மேடையே வேண்டாம், எல்லாரும் தரையில் வட்டமாக உட்காரலாம் என்று முடிவெடுத்தால் இன்னும் நல்லது. ஆனால் அப்படிச் சொன்னால் சிறப்பு விருந்தினருக்குக் கௌரவக் குறைச்சல் என்று யாராவது கிளம்புவார்கள், அது தனிச் சண்டை.

“எங்கள் கல்லூரியில் அப்படி யாரும் இல்லையே” என்பது அடுத்த தவறு. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியலிடுகிறது. அரசு, அரசு உதவி பெறும் உயர்கல்வி நிறுவனங்களில் குறைந்தது 5% இடம் ஒதுக்க வேண்டும் என்றும் சொல்கிறது. அந்த 21இல் பல, பார்த்தால் தெரியாதவை. காது கேட்கும் திறன் குறைந்த மாணவி கடைசி வரிசையில் உட்கார்ந்து எல்லாரும் சிரிக்கும்போது தானும் சிரித்துக்கொண்டிருப்பார், நமக்குத் தெரியாது. சைகை மொழிபெயர்ப்பாளரை அழைத்துவிட்டோம் என்று பெருமைப்பட்டுக்கொண்டு, விளக்கை எல்லாம் அணைத்துவிட்டுப் பாட்டுப் போடும் கூட்டத்தில் நானும் இருந்திருக்கிறேன். இருட்டில் கை தெரியுமா? மொழிபெயர்ப்பாளர் மேல் தனியாக ஒரு விளக்கு விழ வேண்டும், அவரைப் பார்க்க வேண்டியவர்களுக்கு முன்வரிசையில் இடம் வேண்டும், பேச்சாளர்களின் உரை முந்தின நாளே அவர் கையில் இருக்க வேண்டும். கண் கூசும் ஸ்ட்ரோப் விளக்குகள் போடப்போவதாக இருந்தால் அதை முன்கூட்டியே அறிவித்துவிடுங்கள், வலிப்பு வரக்கூடியவர்கள் வெளியே போய்க்கொள்வார்கள்.

சின்ன விஷயம் ஒன்று. நிகழ்ச்சித் தொகுப்பாளர் “தமிழ்த்தாய் வாழ்த்து, அனைவரும் எழுந்து நிற்கவும்” என்று சொல்வார், உடனே எல்லாப் பார்வையும் உட்கார்ந்திருப்பவர் மேல் போகும். 2021 டிசம்பரில் தமிழ்த்தாய் வாழ்த்தை மாநிலப் பாடலாக அறிவித்த அரசாணையே, எழுந்து நிற்பதிலிருந்து மாற்றுத்திறனாளிகளுக்கு விலக்குக் கொடுத்திருக்கிறது. 55 வினாடிப் பாட்டு. ‘இயன்றவர்கள் எழுந்து நிற்கலாம்’ என்று ஒரு சொல்லை மாற்றிப் பாருங்கள்.

கண்ணைக் கட்டிவிட்டுப் பத்து நிமிடம் நடக்கச் சொல்லும் ‘அனுபவப் பயிற்சி’யை மட்டும் தயவுசெய்து விட்டுவிடுங்கள். கட்டை அவிழ்த்ததும் “பாவம்” என்ற சொல்தான் வரும், வேறொன்றும் வராது.

காலண்டரைப் பார்க்காமல் தேதி குறிப்பது

கல்ச்சுரல்ஸ் என்றாலே பிப்ரவரி, மார்ச். இப்போது சில ஆண்டுகளாக ரம்ஜான் நோன்பும் அந்தப் பக்கம்தான் வருகிறது. 2025இல் மார்ச் 2 தொடங்கி மாதம் முழுக்க நோன்பு. இஸ்லாமியக் காலண்டர் ஆண்டுக்குப் பத்துப் பதினொரு நாள் முன்னால் நகர்வதால், 2030இல் பொங்கலே நோன்பு மாதத்துக்குள் வரும். விழாவையே தள்ளிப்போடுங்கள் என்று நான் சொல்லவில்லை. உணவுத் திருவிழாவை நோன்பு மாதத்தின் மதியத்தில் வைத்துவிட்டு ‘எல்லா மதத்தினரும் கலந்துகொண்டனர்’ என்று அறிக்கை எழுதாதீர்கள், அவ்வளவுதான். வெள்ளிக்கிழமை மதியம் ஜும்ஆ தொழுகை நேரத்தில் அணித் தேர்வு வைப்பதும் இதே வகை.

இஃப்தார் வைக்கும் கல்லூரிகளிலும் ஒரு கூத்து நடக்கும். மார்ச்சில் சென்னையில் நோன்பு திறக்கும் நேரம் ஏறக்குறைய மாலை 6.20. பேரீச்சம்பழமும் நோன்புக் கஞ்சியும் எதிரே இருக்கும், பள்ளிவாசலிலிருந்து பாங்கு கேட்கும், மேடையில் சிறப்பு விருந்தினரோ மதநல்லிணக்கத்தைப் பற்றி “இன்னும் ஒரே ஒரு நிமிடம்” என்று நான்காவது முறையாகச் சொல்லிக்கொண்டிருப்பார். விடியலுக்கு முன்னாலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காத பிள்ளைகள் மரியாதைக்காக உட்கார்ந்திருப்பார்கள். பேச்சை 6 மணிக்கே முடியுங்கள், அல்லது சாப்பாட்டுக்கும் தொழுகைக்கும் அப்புறம் வைத்துக்கொள்ளுங்கள்.

தேதியோடு நேரமும் சேர்ந்ததுதான். பெண்கள் விடுதியின் கேட் பல கல்லூரிகளில் ஆறரை ஏழுக்கெல்லாம் மூடிவிடும், ஆனால் பெரிய நிகழ்ச்சி ஆரம்பிப்பதே ஆறரைக்கு. கிராமத்திலிருந்து வருகிறவர்களுக்குக் கடைசிப் பேருந்து ஒரு பிரச்சினை. மகளிர் தின விழாவிலேயே பாதி மாணவிகள் நடுவில் எழுந்து ஓடுவதை நான் பார்த்திருக்கிறேன். வார்டனிடம் எழுத்தில் நேர நீட்டிப்பு வாங்குவதும் கல்லூரிப் பேருந்து ஒன்றை இரவு 9 மணிக்கு நிறுத்தி வைப்பதும், அழைப்பிதழ் அச்சடிப்பதற்கு முன்னால் செய்ய வேண்டிய வேலைகள்.

இலை தழையும் கரியும்

இதைப் பற்றிக் கொஞ்சம் கோபமாகத்தான் எழுத வேண்டியிருக்கிறது. குழு நடனப் போட்டி என்றால் ஒரு ‘ஆதிவாசி நடனம்’ கட்டாயம் இருக்கும். இடுப்பில் இலை தழை, முகத்தில் கரி, தலையில் கோழி இறகு, கையில் ஈட்டி, வாயில் அர்த்தமில்லாத கூச்சல். தமிழ்நாட்டில் 37 பழங்குடிச் சமூகங்கள் பட்டியலில் இருக்கின்றன. அவர்களில் யார் இப்படி உடுத்துகிறார்கள்? நீலகிரித் தோடர்கள் போர்த்தும் வெள்ளைப் போர்வையில் சிவப்பும் கருப்புமாகப் போடும் பூத்தையல் 2013இல் புவிசார் குறியீடு வாங்கியது, அதன் நுணுக்கம் தெரிந்தவர்கள் ஒரு போர்வைக்கு வாரக்கணக்கில் உட்காருவார்கள். நம் பிள்ளைகள் ஆடுவது எங்கோ பார்த்த பழைய சினிமாப் பாட்டை. மூன்றாவது வரிசையில் ஓர் இருளர் மாணவியோ குறும்பர் மாணவரோ உட்கார்ந்து இதைப் பார்க்க வேண்டியிருக்கிறது, அதற்கு முதல் பரிசும் கொடுத்துவிடுகிறோம். விதிமுறைத் தாளில் ‘எந்தச் சமூகத்தையும் வேடமாகக் கட்டக் கூடாது, முகத்தில் கரி பூசினால் தகுதி நீக்கம்’ என்று ஒரு வரி சேர்த்தால் போதும். சேர்த்தோம், முணுமுணுத்தார்கள், அப்புறம் வேறு நடனம் ஆடினார்கள்.

என் சொந்தச் சொதப்பல் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். ஓணம் விழாவுக்கு ஆள் சேர்க்க, அலுவலகத்தில் மாணவர்களின் சமூகப் பட்டியலை வாங்கினோம். அதில் ‘மலையாளி’ என்று இருந்த ஒரு மாணவியைக் கூப்பிட்டு, அத்தப்பூக் கோலத்துக்கு நீதான் தலைமை என்றோம். அந்தப் பெண் கொல்லிமலைக்காரர். மலையாளி என்பது சேர்வராயன், கல்வராயன், ஜவ்வாது, கொல்லி மலைகளில் வாழும் பழங்குடியின் பெயர், தமிழ்நாட்டின் பழங்குடிகளில் எண்ணிக்கையில் பெரியது அதுதான். எங்களுக்கு அது தெரியாதது ஒரு வெட்கம். சேர்க்கைக்காகக் கொடுத்த சாதிச் சான்றிதழை விழாவுக்காகப் புரட்டினோமே, அது அதைவிடப் பெரிய தவறு. அவர் வகுப்பில் யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்த ஒன்றை நாங்கள் பத்துப் பேர் நடுவில் போட்டு உடைத்தோம். யார் எந்தச் சமூகம், யார் முதல் பட்டதாரி, யார் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாமிலிருந்து வருகிறார் என்பதெல்லாம் அவரவர் விரும்பினால் சொல்லிக்கொள்ள வேண்டியவை. ‘முதல் பட்டதாரிகள் எல்லாம் எழுந்து நில்லுங்கள், கைதட்டுவோம்’ என்பதும் இதில் அடக்கம். தகவல் பலகையில் பொதுவாக ஓர் அறிவிப்பு ஒட்டுங்கள், வர விரும்புகிறவர்கள் வருவார்கள்.

வடகிழக்கு மாணவர்கள் கதையும் ஏறக்குறைய இதுவே. எட்டு மாநிலங்களை ‘நார்த் ஈஸ்ட் டான்ஸ்’ என்று ஒரே பத்து நிமிடத்தில் அடைத்து, மணிப்பூர் மாணவியைப் பிஹு ஆடச் சொல்வோம். பிஹு அசாமுடையது. மூங்கில் கழிகளுக்கு நடுவே ஆடும் செராவ் மிசோரமுடையது. கூகுளில் பார்த்தால்கூடத் தெரியும், அந்த மாணவியிடமே கேட்டிருந்தால் இன்னும் சீக்கிரம் தெரிந்திருக்கும். பதிவுப் படிவத்தில் ‘தந்தை பெயரின் முதலெழுத்து’ கட்டாயம் என்று போட்டிருப்போம், மேகாலயாவின் காசி இனத்தவருக்குக் குலப்பெயர் தாய் வழியில் வருவது. இப்படி ஒரு பெட்டியை நிரப்ப முடியாமல் திரும்பிப் போனவர்கள் எத்தனை பேரோ.

யாரைப் பார்த்துச் சிரிக்கிறோம்

நகைச்சுவை நாடகம் என்றால் ஒரு பையன் புடவை கட்டிக்கொண்டு கையைத் தட்டி நடந்து வர வேண்டும், கூட்டம் விழுந்து விழுந்து சிரிக்க வேண்டும். அதே கல்லூரி ஏப்ரல் 15 அன்று திருநங்கையர் தினத்துக்குப் பேச்சாளரை அழைக்கும். 2014ஆம் ஆண்டு அதே தேதியில்தான் உச்ச நீதிமன்றம் மூன்றாம் பாலினத்தை அங்கீகரித்துத் தீர்ப்புச் சொன்னது. அதற்கு ஆறு ஆண்டுகள் முன்பே, 2008இல், திருநங்கைகளுக்கென்று நலவாரியம் அமைத்த மாநிலம் இது. வந்த பேச்சாளர் வழக்கறிஞராகவோ காவல் அதிகாரியாகவோ இருப்பார், நம் தொகுப்பாளரோ “நீங்கள் எப்போது உணர்ந்தீர்கள்? வீட்டில் என்ன சொன்னார்கள்?” என்றுதான் தொடங்குவார். அவர் வேலையைப் பற்றிக் கேளுங்கள். நுழைவுப் படிவத்தில் ஆண், பெண் என்று இரண்டே கட்டம் இருக்கிறதா என்றும், அவர் கழிவறை எங்கே என்று கேட்டால் என்ன பதில் சொல்வீர்கள் என்றும் முன்னாலேயே யோசித்து வையுங்கள்.

பறை விஷயமும் இங்கேதான் வருகிறது. சிறப்பு விருந்தினரைப் பறையிசையோடு வரவேற்பது இப்போது ஒரு வழக்கமாகிவிட்டது, நல்லதுதான். காலை 9 மணிக்கு வரச்சொன்ன கலைஞர்களை 11.30 வரை கேட் வெயிலில் நிற்கவைத்து, விருந்தினர் காரிலிருந்து இறங்கி அரங்குக்குள் போகும் இரண்டு நிமிடத்துக்கு வாசிக்கச் சொல்லி, அப்புறம் பின்பக்கமாகச் சாப்பாட்டுப் பொட்டலம் கொடுத்து அனுப்புவதில் எந்தச் சமத்துவமும் இல்லை. சாவுக்கு அடிக்கும் கருவி என்று ஊர் ஒதுக்கி வைத்த இசையை மேடைக்குக் கொண்டுவருவதாகச் சொல்கிறோம், மேடைக்கு முன்னாலேயே நிறுத்திவிடுகிறோம். அழைப்பிதழில் குழுவின் பெயர், மேடையில் 20 நிமிடம், எல்லாரும் சாப்பிடும் பந்தியில் இலை, பேசிய பணம் அன்றைக்கே. டிஜேவுக்கு முன்பணம் கொடுக்கத் தெரிகிற நமக்கு இது தெரியாதா என்ன?

மொழி, சாப்பாடு, காசு

வேகமாகச் சொல்லிவிடுகிறேன். முழுக்க ஆங்கிலத்தில் தொகுத்தால் தமிழ்வழியில் படித்து வந்தவர்கள் மைக் பக்கமே வரமாட்டார்கள், முழுக்கத் தமிழ்ச் சிலேடையாகத் தொகுத்தால் வெளிமாநிலப் பிள்ளைகள் செல்போனைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். இரண்டு பேர் இரண்டு மொழியில் மாறி மாறிப் பேசுவது ஒன்றும் கஷ்டமில்லை. சாப்பாட்டில் எதில் என்ன இருக்கிறது என்று எழுதி வையுங்கள், யார் எந்த வரிசையில் நிற்கிறார் என்று பார்க்காதீர்கள். ‘எல்லாரும் மெரூன் நிறப் பட்டுப்புடவை’ என்று குழுவில் செய்தி போடுகிறவர்கள், விடுதி மெஸ் பில்லுக்கே தவணை கேட்கும் மாணவியை நினைத்துப் பார்த்துவிட்டுப் போடலாம். காசு இல்லை என்று யாரும் வெளியே சொல்லமாட்டார்கள், அன்றைக்குக் காய்ச்சல் என்று விடுப்புக் கடிதம் கொடுப்பார்கள்.

முதலில் சொன்னேனே, அந்த மாணவர். அடுத்த வருஷம் அவரைத் திட்டக் குழுவில் சேர்த்தோம், ஆகஸ்ட் மாதமே, பட்ஜெட் போடும் கூட்டத்துக்கே. சாய்தளத்தைப் பற்றித்தான் பேசப்போகிறார் என்று நாங்கள் எல்லாரும் தயாராக இருந்தோம். அவர் நிகழ்ச்சி நிரலைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, வரவேற்புரை, தலைமையுரை, வாழ்த்துரை, சிறப்புரை எல்லாம் சேர்த்து 20 நிமிடம் போதும் என்று பேனாவால் அடித்தார். மேடை ஓர் அடிக்கு இறங்கிவிட்டது, சாய்தளம் வந்துவிட்டது. அந்த 20 நிமிடத்துக்கு மட்டும் முதல்வர் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை.