கிழிந்த நோட்டுக்கு எவ்வளவு கிடைக்கும்? ஸ்கேலால் அளந்துவிட்டு வங்கிக்குப் போங்கள்

கிழிந்த 500 ரூபாயைக் கடையில் வாங்க மறுத்தால், பலர் அதைக் கமிஷனுக்கு மாற்றித் தருபவரிடம் கொடுத்து ஐம்பதோ நூறோ இழக்கிறார்கள். அதற்குத் தேவையே இல்லை. ரிசர்வ் வங்கி 2009-இல் வகுத்து, 2018-இல் திருத்திய விதிகளின்படி, வணிக வங்கிக் கிளைகளில் இதை மாற்றிக்கொள்ளலாம். அங்கே உங்களுக்குக் கணக்கு இருக்க வேண்டும் என்பதில்லை. சிறு நிதி வங்கிகளும் பேமென்ட் வங்கிகளும் விரும்பினால் மட்டும் மாற்றித் தரலாம்.

அழுக்கேறிய நோட்டுக்கும், இரண்டாகக் கிழிந்து இரு துண்டுகளும் கையில் இருக்கும் நோட்டுக்கும் முழுத்தொகை உண்டு. ஆனால் இரு துண்டிலும் ஒரே வரிசை எண் இருக்க வேண்டும். கிழிசல் எண்ணின் குறுக்கே போயிருக்கக் கூடாது. இப்படிப்பட்டவற்றை ஒரு நாளைக்கு 20 நோட்டு, மொத்தம் 5,000 ரூபாய் வரை கட்டணமில்லாமல் கவுன்டரிலேயே மாற்றலாம். அதற்கு மேல் போனால் ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். பணம் பிறகு கணக்கில் ஏறும், கட்டணமும் பிடிக்கலாம்.

ஒரு பகுதி காணாமல் போயிருந்தாலோ, இரண்டுக்கு மேல் துண்டாகியிருந்தாலோதான் அளக்கும் வேலை. 20 ரூபாய் வரையிலான நோட்டில், மிச்சமிருக்கும் பெரிய துண்டு பாதிக்கு மேல் இருந்தால் முழுத்தொகை. இல்லையென்றால் ஒன்றும் கிடையாது. 50 ரூபாயும் அதற்கு மேலும் என்றால் இடையில் பாதித்தொகை என்று ஒரு படி உண்டு.

இப்போதைய 500 ரூபாய் நோட்டு 15 செ.மீ. நீளம், 6.6 செ.மீ. அகலம், பரப்பு 99 சதுர செ.மீ. முழுத்தொகைக்கு 80 சதுர செ.மீ. வேண்டும், பாதித்தொகைக்கு 40. அதாவது ஓரத்திலிருந்து குறுக்கே 2.8 செ.மீ. பட்டையாகப் போயிருந்தால் 80.5 மிஞ்சும்: 500 ரூபாய் கிடைக்கும். 3 செ.மீ. போயிருந்தால் 79.2தான்: 250 ரூபாய். இரண்டு மில்லிமீட்டரில் பாதிப் பணம் போய்விடும் என்பதால், பிசிறு தொங்குகிறதே என்று கத்தரியால் ஓரத்தை நறுக்கிவிடாதீர்கள். மூலை மட்டும் முக்கோணமாகப் போயிருந்தால் கவலை வேண்டாம். 4 செ.மீ.க்கு 3 செ.மீ. மூலை என்றால் இழப்பு வெறும் 6 சதுர செ.மீ.

200 ரூபாய்க்கு முழுத்தொகை எல்லை 78, பாதிக்கு 39. 100 ரூபாய்க்கு (14.2 × 6.6 அளவுள்ள ஊதா நோட்டு) 75, 38. 50 ரூபாய்க்கு 72, 36. கரையான் அரித்து ஓரம் வளைந்து நெளிந்திருந்தால், கிராஃப் தாளில் நோட்டை வைத்துச் சுற்றிக் கோடு போட்டுக் கட்டங்களை எண்ணுங்கள், சதுர செ.மீ. நேராக வந்துவிடும்.

பலர் ஏமாறுவது இங்கேதான். கணக்கில் எடுப்பது துண்டாகாத ஒரே பெரிய துண்டை. எல்லாத் துண்டுகளின் கூட்டுத்தொகையை அல்ல. 500 ரூபாய் மூன்று சம துண்டானால் ஒவ்வொன்றும் 33 சதுர செ.மீ.; மூன்றையும் டேப் போட்டு ஒட்டிக் கொண்டுபோனாலும் 40 தேறாது. இதற்கு ஒரு விலக்கு உண்டு: ஒரு பகுதி போயிருந்தாலும், ஒரே நோட்டின் இரண்டு துண்டுகள் மிஞ்சி, ஒவ்வொன்றும் முழு நோட்டின் 40 சதவீதத்துக்குக் குறையாமல் இருந்தால் முழுத்தொகை கிடைக்கும்.

அதனால் சட்டைப் பையோடு துவைத்த நோட்டை ஈரத்தில் பிரிக்க அவசரப்பட வேண்டாம். நம் நோட்டுகள் பருத்தித் தாளில் அச்சானவை. நனைந்தால் கரையாது, ஆனால் மடிப்பில் எளிதில் கிழியும். பருத்தித் துணிக்கு நடுவே வைத்து ஈரத்தை ஒற்றி எடுத்து, அரைகுறையாகக் காய்ந்த பிறகு மூலையிலிருந்து மெல்லப் பிரித்து நிழலில் உலர்த்துங்கள். இஸ்திரிப் பெட்டி வைக்காதீர்கள். சூட்டில் பாதுகாப்பு இழை சுருங்கலாம்.

சிதைந்த நோட்டுகள் ஐந்து வரை கிளையிலேயே பார்த்து முடிவு சொல்வார்கள். அங்கே முடியாவிட்டால் கரன்சி செஸ்ட் (ரிசர்வ் வங்கிக்காக நோட்டுகளை இருப்பு வைக்கும் பெட்டகம்) உள்ள கிளைக்கு அனுப்பிவிட்டு, பணம் தரும் தேதியைச் சொல்ல வேண்டும். அது 30 நாளைத் தாண்டக் கூடாது. வேண்டுமென்றே வெட்டியது என்று தெரிந்தாலோ, அரசியல் முழக்கம் எழுதியிருந்தாலோ நிராகரிப்பார்கள். பேனாக் கிறுக்கல் மட்டும் என்றால் செல்லும்.

தீயில் கருகியது, தொட்டால் நொறுங்குவது, பிரிக்கவே முடியாமல் ஒட்டிக்கொண்டது ஆகியவற்றை வங்கிக் கிளையில் வாங்க மாட்டார்கள். அவற்றைப் பிரிக்காமல், பஞ்சு விரித்த டப்பாவில் அப்படியே வைத்து, ரிசர்வ் வங்கியின் வெளியீட்டு அலுவலகத்துக்கு எடுத்துச் செல்லுங்கள். சென்னையில் அது ராஜாஜி சாலையில் இருக்கிறது.