வேதவசனத்தை வச்சு அமைதியா தியானம் பண்றது எப்படி? புதுசா ஆரம்பிக்கிறவங்களுக்கு

தியானம்னாலே மனசை காலியாக்கணும், ஒண்ணுமே யோசிக்கக் கூடாதுன்னு நிறைய பேர் நினைச்சுட்டு உட்கார்றாங்க, ரெண்டே நிமிஷத்துல ஆயிரம் யோசனை வந்ததும் இது நமக்கு வராதுன்னு எந்திரிச்சுடறாங்க. பைபிள்ல வர்ற தியானம் வேற மாதிரி. சங்கீதம் 1, யோசுவா 1:8 ரெண்டுலயும் பாத்தீங்கன்னா, இரவும் பகலும் தியானிக்க ஒரு விஷயம் கையில இருக்கு, அதுதான் வசனம். அதனால யோசனையை நிறுத்த வேண்டாம், அதுக்கு ஒரு வேலை கொடுத்தா போதும்.

ஸ்டெப் 1: இடமும் நேரமும்
இயேசு இருட்டோட எழுந்து தனியா ஒரு இடத்துக்குப் போய் ஜெபம் பண்ணினார்னு மாற்கு 1:35 சொல்லுது, ஆனா ஈசாக்கு வயல்வெளிக்குத் தியானம் பண்ணப் போனது சாயங்காலம் (ஆதியாகமம் 24:63). அதனால காலைல 4 மணிக்குத்தான் எந்திரிக்கணும்னு யாராவது சொன்னா பயப்படாதீங்க. போன் மட்டும் வேற ரூம்ல இருக்கட்டும். பைபிள் ஆப்லதான் படிப்பேன்னா ஏரோப்ளேன் மோடுல போட்டுடுங்க.

ஸ்டெப் 2: சின்ன பகுதியா எடுங்க
176 வசனம் இருக்கிற சங்கீதம் 119 இப்போ வேண்டாம். சங்கீதம் 13 எடுங்க, மொத்தமே 6 வசனம்தான்.

ஸ்டெப் 3: வாய்விட்டு, மெதுவா, ரெண்டு மூணு தடவை படிங்க
இதுதான் முக்கியமான ஸ்டெப், இதுலதான் எல்லாரும் அவசரப்படறோம். முதல் தடவை சும்மா படிங்க. ரெண்டாவது தடவை எந்த வார்த்தை உங்களை நிறுத்துதுன்னு பாருங்க. சங்கீதம் 13-ல முதல் ரெண்டு வசனத்துக்குள்ளயே "எதுவரைக்கும்"னு நாலு தடவை வருது, இதைப் பாடின தாவீது கடவுள்கிட்ட கிட்டத்தட்ட சண்டையே போடறார், ஆனா அஞ்சாவது வசனத்துல அதே ஆள் "உம்முடைய கிருபையின்மேல் நம்பிக்கையாயிருக்கிறேன்"னு சொல்றார். நடுவுல அவர் சூழ்நிலை மாறுச்சுன்னு எங்கயும் எழுதல. அப்போ என்னதான் மாறுச்சு? இந்த மாதிரி ஒரு கேள்வி கிடைச்சா அங்கேயே நின்னுடுங்க, மீதியை முடிக்கணும்னு அவசியமே இல்ல, மாடு அசைபோடற மாதிரி அதையே திரும்பத் திரும்ப மெல்லுங்க.

ஸ்டெப் 4: அதையே ஜெபமா மாத்துங்க
உங்க "எதுவரைக்கும்" எதுவோ அதை அப்படியே சொல்லுங்க. வேலை கிடைக்காததா இருக்கலாம், வீட்ல ஒருத்தரோட உடம்பா இருக்கலாம். அழகான ஜெப பாஷையெல்லாம் தேவையில்ல. சத்தமும் தேவையில்ல, அன்னாள் ஜெபிக்கும்போது உதடு மட்டும்தான் அசைஞ்சுது, பக்கத்துல இருந்த ஆசாரியன் ஏலியே அவங்க குடிச்சிருக்காங்கன்னு நினைச்சுட்டார் (1 சாமுவேல் 1), ஆனா கர்த்தர் அந்த ஜெபத்தைக் கேட்டார்.

ஸ்டெப் 5: கொஞ்ச நேரம் சும்மா இருங்க
ஆரம்பத்துல ரெண்டு நிமிஷம் போதும். மனசு எங்கயாவது ஓடும், ஓடட்டும், உங்களை நிறுத்தின அந்த ஒரு வார்த்தையைச் சொல்லி திரும்ப வாங்க. இந்த நேரத்துல ஏதாவது குரல் கேக்கும், கண்ணுல தண்ணி வரும்னு எதிர்பார்த்து உட்காராதீங்க, பல நாள் ஒண்ணுமே நடக்காது, அது நார்மல்தான். ஏதாவது தோணுச்சுன்னாலும் உடனே கடவுளே சொல்லிட்டார்னு முடிவு பண்ணிடாதீங்க, வேதத்தோட ஒத்துப்போகுதான்னு பாருங்க, விசுவாசத்துல முதிர்ந்த ஒருத்தர்கிட்டயும் கேளுங்க.

தூக்கம் வருதா? எந்திரிச்சு நடந்துக்கிட்டே பண்ணுங்க, உட்கார்ந்துதான் ஆகணும்னு ரூல் எதுவும் கிடையாது.

நாளைக்குப் புது அதிகாரம் தேடாதீங்க, இதே சங்கீதம் 13-ஐ இன்னும் ரெண்டு மூணு நாள் படிங்க, வேற வார்த்தை நிறுத்தும். அப்புறம் 23, 62, கடைசியா 131. அது மூணே வசனம், ஆனா முடிக்க ரொம்ப நாள் எடுக்கும்.