மாதிரிக் கப்பலில் விழும் இடைவெளிகள்

பினாங்கின் ஈரக்காற்றில் மெல்லிய மரப்பலகைகள் உப்பியும் சுருங்கியும் போவதால், எவ்வளவு கவனமாக ஒட்டினாலும் மாதிரிக் கப்பலின் பக்கங்களில் மயிரிழை இடைவெளிகள் விழவே செய்யும். அதற்காக ஒட்டியதைப் பிய்த்தெறிய வேண்டியதில்லை. பலகைகளை ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு அடுக்காக ஒட்டும் இரட்டை அடுக்குக் கப்பலானால், முதல் அடுக்கின் பிசகுகளை உப்புத்தாளால் தேய்த்துச் சமன்படுத்தினால் போதும். மேலடுக்கு அவற்றை மறைத்துவிடும். மேலடுக்கிலேயே இடைவெளி தெரிந்தால், அதே மரத்தைத் தேய்த்தெடுத்த தூளுடன் வெள்ளைப் பசையைச் சிறிதளவு குழைத்து, பல்குச்சி முனையால் இடுக்கில் அழுத்தி, நன்கு காய்ந்தபின் மரத்தின் ரேகைப் போக்கிலேயே தேய்க்கலாம். பசை படிந்த இடத்தில் மரச்சாயம் சரியாக ஏறாது என்பதால், வழிவதை ஈரத்துணியால் உடனே துடைத்துவிடுங்கள். ஓரிரு பலகைகள் சற்றுக் கோணலாக அமைந்தாலும் பாதகமில்லை; கையால் செய்த பொருளுக்கு அதுவும் ஓர் அழகே. ஆனால் கப்பலின் அடியில் நீளவாக்கில் ஓடும் அடிக்கட்டை வளைந்திருந்தால் மட்டும், பலகை ஒட்டுவதற்கு முன்பே அதை நேராக்கிவிட வேண்டும்; பிறகு வழியில்லை.