முதல் சுற்றிலேயே குவாட்டர்பேக்கா? வாதத்தில் இறங்க முதல் போட்டுப்பார்க்க வேண்டிய கணக்கு

அமெரிக்கன் ஃபுட்போல் லீக்கான என்.எஃப்.எல்.இல், பல்கலைக்கழக வீரர்களை அணிகள் முறைவைத்துத் தெரிவுசெய்கிற ட்ராஃப்டின் முதல் சுற்று ஏப்ரல் கடைசிப் பகுதியில் ஒரு வியாழன் இரவு, அமெரிக்கக் கிழக்கு நேரப்படி 8 மணிக்குத் தொடங்கும். யாழ்ப்பாணத்தில் அப்போது வெள்ளி விடியப்புறம் 5.30. இங்கே தேத்தண்ணிக்குத் தண்ணி கொதிக்க முதலே ஸ்காபரோ மச்சான்மாரின் வட்ஸ்அப் குழுவில், முதல் சுற்றிலேயே ஒரு குவாட்டர்பேக்கை, அதாவது பந்தை எறிந்து தாக்குதலை நடத்துகிற ஆளை, எடுக்க வேண்டுமா என்று சண்டை தொடங்கியிருக்கும். "இந்தப் பெடியன விட்டா பத்து வருசத்துக்கு ஆள் கிடையாது" எண்டு ஒருத்தர். "உனக்கென்ன விசரோ, அவனுக்கு முன்னுக்கு நிண்டு காக்க ஒரு ஆள் இல்ல" எண்டு மற்றவர். ரொறன்ரோவுக்குக் கிட்டடியில் இருக்கிற அணி பஃபலோ பில்ஸ். அதனால் பேச்சு எங்கே தொடங்கினாலும் கடைசியில் பஃபலோவில்தான் வந்து நிற்கும். அது நல்லதுக்குத்தான், இந்த வாதத்தின் இரண்டு பக்கத்தையும் பட்டு அறிந்த அணி அது.

வாதிடுகிறவர்களில் பெரும்பாலானோர் பெடியனிலிருந்து தொடங்குகிறார்கள். எவ்வளவு தூரம் எறிகிறான், எவ்வளவு வேகமாக ஓடுகிறான் என்று. அவனைக் கடைசிக்குத் தள்ளுங்கள். முதலில் அணி, பிறகு விலை, அதற்குப் பிறகு பெடியன்.

புதிதாக வருகிறவர்களுக்கு இரண்டு சொல். ட்ராஃப்ட் ஏலம் அல்ல. 32 அணிகள், 7 சுற்று. முந்தைய பருவத்தில் அதிகம் தோற்ற அணிக்கு முதல் தெரிவு. தெரிவு இலக்கத்தை அணிகள் தங்களுக்குள் மாற்றிக்கொள்ளலாம், வீரர்களுக்குப் பதிலாகவும் கொடுக்கலாம். வீரனுக்குச் சொல்ல ஒன்றுமில்லை. கூப்பிட்ட அணிக்குப் போக வேண்டியதுதான். இன்னொன்று: யாழ்ப்பாணத்தில் கல்லூரி என்றால் மத்திய கல்லூரி, பரியோவான் கல்லூரி என்று பள்ளிக்கூடம்தான் மனதில் வரும். அங்கே கல்லூரி என்பது பல்கலைக்கழகம். உயர்பாடசாலை முடித்து மூன்று வருடம் ஆகாமல் ஒருவரும் ட்ராஃப்டுக்கு வர முடியாது. ஆகவே நாம் பேசுவது 21 முதல் 24 வயது வரையான ஆட்களைப் பற்றி. 2020இல் மத்திய கல்லூரி மாணவன் விஜயகாந்த் வியாஸ்காந்தை ஜஃப்னா ஸ்டாலியன்ஸ் எல்.பி.எல். கிரிக்கெட்டில் இறக்கியதோடு இதை ஒப்பிட்டு ஒருவர் வருவார். ஒப்பிட வேண்டாம். ஒரு சுழற்பந்து வீச்சாளர் சரிவராவிட்டால் நாலு ஓவரோடு போயிற்று. குவாட்டர்பேக் சரிவராவிட்டால் மூன்று வருடம் போயிற்று. ஏனெனில் தாக்குதல் ஆட்டத்தில் ஏறக்குறைய ஒவ்வொரு பந்தும் அவர் கைக்குத்தான் முதலில் வரும்.

முதலில் அணியைப் பாருங்கள்

நாலு விடயம். முதலாவது, முன்னால் நின்று காக்கும் ஐந்து பேர். பந்தை எறிய முதலே குவாட்டர்பேக்கை வீழ்த்துவதை 'சாக்' என்பார்கள். 2002இல் புதிதாகத் தொடங்கிய ஹூஸ்டன் அணி டேவிட் கார்ரை முதலாவது தெரிவாக எடுத்து உடனேயே களத்தில் இறக்கியது. அந்த ஒரே பருவத்தில் அவர் 76 தடவை சாக் ஆனார். ஒரு பருவத்துக்கு அதுவே சாதனை எண்ணிக்கை. காவல் இல்லாத வீட்டுக்குள் பெடியனை விட்டால் முதலில் கெடுவது அவன் கை அல்ல, கண். எதிரே ஓடுகிற தன் ஆட்களைப் பார்க்க வேண்டிய கண், பாய்ந்து வருகிறவனைப் பார்க்கப் பழகிவிடும்.

இரண்டாவது, பயிற்றுநர் எத்தனை நாளைக்கு இருப்பார்? இதைத்தான் ஆட்கள் மறக்கிறார்கள். அரிசோனா 2018இல் 10ஆம் தெரிவாக ஜொஷ் ரோசனை எடுத்தது. ஒரே வருடத்தில் பயிற்றுநரை மாற்றியது. புதியவருக்கு வேறு மாதிரி ஆட்டம், வேறு மாதிரி ஆள் வேண்டும். 2019இல் முதலாவது தெரிவாக கைலர் மறி வந்தார், ரோசன் மயாமிக்குப் போனார். ரோசன் நல்லவரா கெட்டவரா என்பது அங்கே தீர்மானிக்கப்படவே இல்லை. வேலை ஊசலாடும் பயிற்றுநரின் அணி என்றால், "இப்ப எடுக்க வேண்டாம்" என்ற பக்கத்துக்கு அது பெரிய புள்ளி.

மூன்றாவது, பெடியன் காத்திருந்து பழக ஒரு ஆள் ஏற்கெனவே இருக்கிறாரா? 2017இல் கன்சாஸ் சிற்றி பற்றிக் மஹோம்ஸை எடுத்தபோது அலெக்ஸ் ஸ்மித் அங்கே இருந்தார். மஹோம்ஸ் அந்தப் பருவத்தில் ஒரே ஒரு ஆட்டத்தில்தான் இறங்கினார். அடுத்த வருடம் 50 டச்டவுன் (எதிரணியின் கடைசிக் கோட்டைத் தாண்டிப் புள்ளி எடுப்பது) எறிந்து லீக்கின் பெறுமதிமிக்க வீரர் விருதை எடுத்தார். நாலாவது, பந்தைப் பிடிக்க ஆள் உண்டா என்பது. அதில் பெரிய விளக்கம் தேவையில்லை.

வீடு பிழைத்தால் ஆள் பிழைத்ததாகத் தெரியும். சாம் டார்னோல்டை 2018இல் 3ஆம் தெரிவாக நியூயோர்க் ஜெற்ஸ் எடுத்து, மூன்று பருவத்தில் கைவிட்டது. அதே ஆள் 2024இல் மினசோட்டாவில் 14 ஆட்டம் வென்றார்.

விலை

இங்கேதான் வாதம் உண்மையில் வெல்லப்படும்.

2010இல் முதலாவது தெரிவான சாம் பிராட்ஃபோர்டின் ஒப்பந்தம் 6 வருடத்துக்கு 78 மில்லியன் டொலர். 2011இல் புதிய தொழில் ஒப்பந்தம் வந்து, புதுமுகங்களின் சம்பளத்துக்கு அளவுத்திட்டம் போட்டது. அதே வருடம் முதலாவது தெரிவான காம் நியூட்டனுக்கு 4 வருடத்துக்கு ஏறத்தாழ 22 மில்லியன். பழைய ஆட்கள் "பிழைச்சா அணியே முறிஞ்சுபோம்" என்று சொல்வது 2010 வரைக்கும் சரி. இப்போதைய கணக்கு தலைகீழ். 2024இன் முதலாவது தெரிவு கேலப் வில்லியம்ஸுக்கு 4 வருடத்துக்கும் சேர்த்து ஏறத்தாழ 39.5 மில்லியன். அதே 2024இல் டாலஸ் அணி தன் அனுபவசாலிக் குவாட்டர்பேக் டக் பிறெஸ்கொற்றுக்கு ஒத்துக்கொண்டது வருடத்துக்கு 60 மில்லியன். அந்த வருடம் ஒரு அணி முழுவதற்குமான சம்பள உச்சவரம்பு 255.4 மில்லியன். குவாட்டர்பேக் இடத்தில் வருடத்துக்கு 50 மில்லியன் மிஞ்சினால் அந்தக் காசில் நல்ல காவலாட்கள் இருவர், பந்து பிடிப்பவர் ஒருவர் வருவார்கள். "எடு" என்ற பக்கத்தின் பலமான வாதம் இதுதான். அந்தச் சலுகை நாலு வருடத்துக்கு. முதல் சுற்று வீரன் என்றால் ஐந்தாம் வருடத்தையும் அணி விரும்பினால் நீட்டிக்கலாம். இரண்டாம் சுற்றில் எடுத்தவனுக்கு அந்த ஐந்தாம் வருடம் இல்லை. பால்ட்டிமோர் 2018இல் முதல் சுற்றின் கடைசி இடமான 32க்கு விலை கொடுத்து ஏறி லமார் ஜக்சனை எடுத்ததை இந்தக் கண்ணால் பார்க்க வேண்டும்.

காசு மலிவு. தெரிவுகள் மலிவல்ல. ஏறிப்போய் எடுக்கிற அணி என்ன கொடுக்கிறது என்று அளக்க, பயிற்றுநர் ஜிம்மி ஜோன்சன் டாலஸில் இருந்த காலத்துப் புள்ளி அட்டவணையை இன்றும் கையில் வைத்திருக்கலாம். 1ஆம் தெரிவு 3000 புள்ளி, 2ஆவது 2600, 3ஆவது 2200, 10ஆவது 1300, 16ஆவது 1000, 32ஆவது 590. அணிகள் இன்று வேறு அட்டவணைகளும் வைத்திருக்கின்றன. வட்ஸ்அப் வாதத்துக்கு இது போதும்.

ஒன்றைப் போட்டுப் பார்ப்போம். 2017இல் 10ஆம் இடம் பஃபலோவிடம் இருந்தது. கன்சாஸ் சிற்றி 27இலிருந்து அங்கே ஏற வேண்டும். 10க்கு 1300, 27க்கு 680, வித்தியாசம் 620. கன்சாஸ் சிற்றி மேலதிகமாகக் கொடுத்தது 91ஆம் தெரிவும் (136 புள்ளி) 2018இன் முதல் சுற்றுத் தெரிவும். அடுத்த வருடத் தெரிவை ஒரு சுற்று குறைத்து மதிப்பது வழமை. ஆகவே இரண்டாம் சுற்றின் நடுப்பகுதி, 48ஆம் இடம் என்று வைத்தால் 420. கூட்டினால் 556. பஃபலோ 64 புள்ளி குறைத்து விற்றிருக்கிறது. பெரிய நட்டமில்லை, பேரம் நியாயம்தான். அந்த 10ஆம் தெரிவு மஹோம்ஸ் ஆனது. அதற்குப் பிறகு 2020, 2021, 2023, 2024 என்று நாலு பருவத்தின் பிளேஓஃபில் (பருவ முடிவின் வெளியேற்றச் சுற்றில்) பஃபலோவை வீட்டுக்கு அனுப்பியதும் அதே மஹோம்ஸ்தான். அட்டவணை குவாட்டர்பேக்கையும் மற்றவர்களையும் ஒரே தராசில் நிறுக்கிறது. அதன் குறை அதுதான்.

எதிர்ப்பக்கம் காட்ட வேண்டிய உதாரணம் கரோலினா. 2023இல் 9இலிருந்து 1க்கு ஏற சிகாகோவுக்குக் கொடுத்தவை: 9ஆம் தெரிவு, 61ஆம் தெரிவு, 2024இன் முதல் சுற்று, 2025இன் இரண்டாம் சுற்று, இவற்றோடு தங்களுடைய சிறந்த பந்து பிடிப்பாளர் டி.ஜே. மூரையும். பிறைஸ் யங் வந்தார். எறிந்தால் பிடிக்க மூர் இல்லை. 17 ஆட்டத்தில் 2 வெற்றி. கொடுத்த 2024 தெரிவு அதனால் முதலாவது இடமானது. சிகாகோ அதில் கேலப் வில்லியம்ஸை எடுத்தது. ஏறுவதற்காக வீட்டுக் கதவைக் கழற்றி விற்றால் இப்படித்தான்.

இனிப் பெடியன்

உயரம், கையின் அளவு, 40 யார் (கெஜம்) ஓட்டம் எல்லாம் ட்ராஃப்டுக்கு முதல் இண்டியனாபொலிஸில் நடக்கிற சோதனை முகாமில் அளப்பார்கள். அதில் நேரம் போக்காதீர்கள். கேட்க வேண்டிய முதல் எண்: எத்தனை ஆட்டம் தொடக்க வீரனாக ஆடினான்? மிற்ச்செல் ட்ரூபிஸ்கி 13, அன்ரனி ரிச்சர்ட்சன் 13, ட்ரே லான்ஸ் 17. மூவரும் முதல் நாலு தெரிவுக்குள் போனவர்கள். மூவரும் எடுத்த அணிக்குத் தலைவலி. குறைந்த ஆட்டம் என்றால் பெடியன் கூடாதவன் என்று பொருளல்ல. பார்த்துத் தீர்மானிக்கச் சரக்குப் போதாது என்றுதான் பொருள். மறுபுறம் போ நிக்ஸ் 61 ஆட்டம் தொடங்கியவர். அங்கே கேள்வி வயது. 24 வயதுக்காரன் 19 வயதுப் பெடியளை எதிர்த்து அடித்த எண்களைக் கொஞ்சம் கழித்துப் பார்க்க வேண்டும்.

எறிந்ததில் எத்தனை வீதம் பிடிபட்டது என்ற எண் ஏமாற்றும். பக்கத்தில் நிற்பவனுக்குக் குட்டியாகப் போடுகிற பந்தெல்லாம் அதில் சேரும். ஜொஷ் அலன் வயோமிங்கில் ஏறத்தாழ 56 வீதம்தான். அதைக் காட்டித்தான் 2018இல் பலர் "வேண்டாம்" என்றார்கள். பஃபலோ 12இலிருந்து 7க்கு ஏறி எடுத்தது. மிச்சம் உங்களுக்குத் தெரியும், அணியின் தூணே அவர்தான் ஆனார். ஆனால் "அலனும் அப்படித்தானே" என்று ஒவ்வொரு 54 வீதக்காரனுக்கும் சொல்ல வெளிக்கிட்டால் ரிச்சர்ட்சன் வருவார்.

இதைவிட நம்பத்தக்கது, நெருக்கடி சாக் ஆக முடிகிற வீதம். எதிராளி நெருங்கிய 100 தடவையில் 15 அல்லது அதற்குக் கீழே சாக் என்றால் நல்லது. 20ஐத் தாண்டினால் ஏன் என்று கேளுங்கள். 25 என்றால் பந்தை வைத்துக்கொண்டு நிற்கிற பழக்கம்; அது பெரிய லீக்குக்கும் கூடவே வரும்.

எண் கிடைக்காவிட்டால் கண்ணால் எண்ணலாம். தொகுத்த 'சாகசக்' காணொளி வேண்டாம், அதில் நல்லது மட்டும்தான் இருக்கும். பலமான எதிரணியோடு ஆடிய முழு ஆட்டம் இரண்டை எடுங்கள். வர்ணனையை நிறுத்துங்கள். பத்து யார் நகர நாலு முயற்சி; அதில் மூன்றாம் முயற்சியில் 7 யாருக்கு மேல் வேண்டியிருக்கிற தருணங்களை மட்டும் பாருங்கள். ஒரு ஆட்டத்தில் ஏழெட்டு வரும். பந்து கைக்கு வந்ததும் "ஆயிரத்து ஒண்டு, ஆயிரத்து ரெண்டு" என்று எண்ணுங்கள். மூன்றுக்குள் பந்து போயிற்றா? முதல் பார்த்த ஆளுக்கே எறிந்தானா, தலை திரும்பி இரண்டாவது ஆளைத் தேடியதா? எறியும்போது பின்னங்கால் நிலத்தில் ஊன்றியிருந்ததா, பின்வாங்கி விழுந்துகொண்டு எறிந்தானா? கொப்பித்தாளில் மூன்று நிரல் போட்டுக் கோடு கீறினால் அரை மணித்தியால வேலை. தலை திரும்பாதவனுக்கு அலெக்ஸ் ஸ்மித் மாதிரி ஒருவருக்குப் பின்னால் ஒரு வருடம் வேண்டும். அது அணியில் உண்டா என்று மேலே போய்ப் பாருங்கள்.

மறுபக்கம் எறிகிற கல்லுகள்

"பிறேடி 199ஆம் தெரிவு" என்று, வரலாற்றின் பெரிய குவாட்டர்பேக்குகளில் ஒருவரான ரொம் பிறேடியைக் காட்டிக் கட்டாயம் ஒருவர் சொல்வார். 2022இன் கடைசித் தெரிவு 262, பிறொக் பேர்டி என்பதையும் சேர்ப்பார். உண்மைதான். ஆனால் இரண்டு அணியும் அப்படி ஆள் வரும் என்று திட்டம் போட்டு எடுக்கவில்லை. தெரிந்திருந்தால் பிறேடியை 199 வரை நியூ இங்கிலாந்து விட்டுவைத்திருக்குமா? லொத்தர் விழுந்த வீட்டைக் காட்டி அதை வருமானம் என்று சொல்வது போல அது.

"எந்த இடமாயிருந்தாலும் இருக்கிறதில நல்ல ஆள எடு" என்பது கொஞ்சம் கனமான கல். டென்வர் 2021இல் ஜஸ்டின் ஃபீல்ட்ஸ் இருக்கத்தக்கதாக 9ஆம் தெரிவில் தடுப்பாட்டக்காரர் பற்றிக் சேர்ட்டனை எடுத்தது. அவர் 2024இன் சிறந்த தடுப்பாட்ட வீரர் ஆனார். தெரிவு சரி. ஆனால் குவாட்டர்பேக் வெற்றிடம் அப்படியே இருந்தது; 2022இல் றசல் வில்சனுக்காக இரண்டு முதல் சுற்று, இரண்டு இரண்டாம் சுற்றுத் தெரிவுகளோடு வீரர்களையும் கொடுத்து, பெரிய ஒப்பந்தமும் எழுதி, அது கவிழ்ந்து, 2024இல் 12ஆம் தெரிவில் போ நிக்ஸிடம் வந்து நின்றது. எடுக்காமல் விடுவதற்கும் விலையுண்டு. அந்தச் சீட்டு பிந்தித்தான் வரும்.

வாதம் முடிந்ததும் யார் என்ன சொன்னார் என்பதைத் திகதியோடு குழுவில் பதிந்து வையுங்கள். அடுத்த பருவத்தோடு தீர்ப்புச் சொல்ல வேண்டாம். மூன்றாம் பருவம் முடிந்து வருகிற மே தொடக்கத்தில், ஐந்தாம் வருடத்தை நீட்டுவதா என்று அணியே எழுத்தில் சொல்லியாக வேண்டும். அன்றைக்குப் பாருங்கள். 2021இல் முதல் 15 இடத்துக்குள் ஐந்து குவாட்டர்பேக்குகள் போனார்கள்: லோறன்ஸ், ஸக் வில்சன் (மேலே சொன்ன றசல் அல்ல), லான்ஸ், ஃபீல்ட்ஸ், ஜோன்ஸ். 2024 மே வந்தபோது ஐந்தாம் வருடம் கிடைத்தது லோறன்ஸுக்கு மட்டும். லான்ஸுக்காக சான் பிரான்சிஸ்கோ கொடுத்தவற்றில் ஒன்று 2021இன் 12ஆம் தெரிவு. அது மயாமி, பிலடெல்பியா என்று கைமாறி டாலஸுக்குப் போனது. அதில் டாலஸ் எடுத்தது மைக்கா பார்சன்ஸை, குவாட்டர்பேக்குகளைத் துரத்திப் பிடிக்கிறதையே தொழிலாகக் கொண்ட ஆளை.