அப்பலாச்சியன் டிரெயிலின் செங்குத்து ஏற்றங்கள்: திட்டமிடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்காவின் மேய்ன் மாநிலத்தில், நியூ ஹாம்ப்ஷயர் எல்லையைத் தாண்டிய சில மைல்களில் மஹூசுக் நாட்ச் என்ற குறுகலான கணவாய் இருக்கிறது. அப்பலாச்சியன் டிரெயில் என்ற நெடுந்தூர நடைபாதை அதற்குள் ஒரே ஒரு மைல் தூரம் செல்கிறது. உயர வரைபடத்தில் அந்த மைலைத் தேடினால் ஏற்றம் என்று சொல்ல எதுவுமே இருக்காது. வடக்கு நோக்கிப் போகிறவருக்குக் கோடு சற்று இறங்கவும் செய்கிறது. அதை நம்பி நான் முக்கால் மணி நேரம் ஒதுக்கியிருந்தேன். மூன்று மணி நேரம் ஆனது.

இரு பக்கச் சரிவுகளிலிருந்தும் உருண்டு வந்து குவிந்த பாறைகள், சில ஒரு அறை அளவுக்குப் பெரியவை. மேலே ஏற வேண்டும், குதிக்க வேண்டும், ஓரிடத்தில் பையைக் கழற்றி முன்னால் தள்ளிவிட்டுப் பொந்துக்குள் ஊர்ந்து போக வேண்டும். அது ஜூலை மாதம். ஆனாலும் பாறை இடுக்குகளிலிருந்து ஃபிரிட்ஜ் கதவைத் திறந்ததுபோல் குளிர் அடித்தது. குனிந்து பார்த்தால் அடியில் பனிக்கட்டி கரையாமல் கிடக்கிறது. இதைக் கடந்த கையோடு மஹூசுக் ஆர்ம் என்ற ஏற்றம் தொடங்கிவிடுகிறது. ஒன்றரை மைல் சொச்சத்தில் சுமார் 1,600 அடி. ஃபுல் கூஸ் முகாமிலிருந்து ஸ்பெக் பாண்ட் முகாம் ஐந்து மைல்தான். காலை ஏழு மணிக்குக் கிளம்பிய நான் போய்ச் சேர்ந்தபோது மாலை ஐந்து.

ஜார்ஜியாவின் ஸ்பிரிங்கர் மலையிலிருந்து மேய்னின் கட்டாடின் சிகரம் வரை 14 மாநிலங்கள் வழியாக, சுமார் 2,190 மைல் நீளும் பாதை இது. ஒரே மூச்சில் முடிக்க ஐந்தாறு மாதங்கள் வேண்டும். அவ்வளவு விடுப்பு கிடைக்காதவர்கள் ஆண்டுக்கு ஒரு வாரம், பத்து நாள் என்று பகுதி பகுதியாக நடக்கிறோம். நியூ ஜெர்சியிலோ வர்ஜீனியாவிலோ வசிக்கும் தமிழர்களுக்கு வார இறுதியில் எட்டிவிடும் தூரத்தில் இந்தப் பாதை ஓடுகிறது. இப்படி நடப்பவர்களுக்கு நாட்கள் எண்ணி வைத்தவை. திரும்பும் பஸ்ஸுக்கும் விமானத்துக்கும் டிக்கெட் எடுத்தாகிவிட்டிருக்கும். ஏற்றத்தைத் தவறாக எடைபோட்டால் அடி விழுவது அங்கேதான். உணவு குறைகிறது, இருட்டுகிறது, அவசரத்தில் கால் பிசகுகிறது.

நான் அதிகம் பார்க்கும் தவறு, மொத்த ஏற்றத்தை மட்டும் பார்ப்பது. வட கரோலினாவில் நான்டஹாலா ஆற்றங்கரையிலிருந்து சியோவா பால்டு உச்சிக்கு ஏறினால் 3,300 அடிக்கு மேல் வரும். நியூ ஹாம்ப்ஷயரில் பிங்கம் நாட்ச்சிலிருந்து வைல்டுகேட் மலையின் முதல் உச்சிக்கு 2,000 அடி சொச்சம்தான். எண்ணைப் பார்க்கிறவர் முன்னதற்கு அஞ்சி, பின்னதை மதியத்துக்குள் முடித்துவிடலாம் என்று நினைப்பார். முன்னது எட்டு மைல் தூரத்தில் பரவிக் கிடக்கிறது, மைலுக்கு நானூறு அடி சொச்சம். பின்னது கிட்டத்தட்ட இரண்டே மைலில் முடிந்துவிடுகிறது, மைலுக்கு 1,000 அடி. முன்னதில் மூச்சு வாங்கும், ஆனாலும் நடந்தே போய்விடலாம். பின்னதில் பல இடங்களில் கையையும் பாறையில் ஊன்ற வேண்டும்.

பழனியில் படிக்கட்டும் உண்டு, யானைப்பாதையும் உண்டு. சேருமிடம் ஒன்றுதான் என்றாலும் முழங்காலுக்கு இரண்டும் ஒன்றல்ல. அப்பலாச்சியன் டிரெயிலின் தென்பகுதியில் பல இடங்களில் பாதையை வளைத்து வளைத்து அமைத்திருக்கிறார்கள். நியூ இங்கிலாந்துப் பாதைகளில் பல, 19-ஆம் நூற்றாண்டிலேயே உச்சியைக் குறிவைத்து நேராக வெட்டப்பட்டவை. ஆகவே மைலுக்கு எத்தனை அடி என்று வகுத்துப் பாருங்கள். நான் வைத்திருக்கும் அளவுகோல் இது: 500 அடிக்குள் இருந்தால் வழக்கமான நடை, 800-ஐ நெருங்கினால் பாதி வேகம், 1,000-ஐத் தொட்டால் அந்த மைலுக்கு ஒன்றரை மணி நேரம்.

வகுக்கும்போதும் ஒரு கண்ணி இருக்கிறது. பிங்கம் நாட்ச்சிலிருந்து கிளம்பினால் முதல் மைல் ஒரு குளத்தை ஒட்டிச் சமமாகவே போகும். அதையும் சேர்த்துச் சராசரி எடுத்தால் ஏற்றத்தின் கடுமை மூன்றில் ஒரு பங்கு மறைந்துவிடும். அதனால் அரை மைல், அரை மைலாகப் பிரித்துப் பார்ப்பதே நல்லது. அச்சிட்ட உயர வரைபடங்களையும் அப்படியே நம்ப வேண்டாம். நீண்ட தூரத்தை ஒரு பக்கத்துக்குள் அடக்க, செங்குத்து அளவை மட்டும் பெரிதாக்கி வரைகிறார்கள். அதில் எல்லா மலையும் ஊசிபோல்தான் தெரியும். சம உயரக் கோடுகள் கொண்ட நிலவரைபடம் இதைவிட நேர்மையானது. ஆனால் கோட்டுக்குக் கோடு 40 அடி இடைவெளி உள்ள வரைபடத்தில், 30 அடிப் பாறைச் சுவர் ஒன்று சுவடே தெரியாமல் ஒளிந்துகொள்ள முடியும்.

அடுத்தது பிறர் சொல்வதை நம்புவது. தெற்கிலிருந்து தொடர்ந்து நடந்து வருகிறவர் நியூ ஹாம்ப்ஷயரின் வெள்ளை மலைகளைத் தொடும்போது சுமார் 1,800 மைல் நடந்து முடித்திருப்பார். அவர் கால்கள் நான்கு மாதம் பழகியவை. அவர் ‘எளிது’ என்று எழுதியிருந்தால் அது அவரைப் பொறுத்தவரை உண்மை. நேற்று வரை அலுவலக நாற்காலியில் உட்கார்ந்திருந்து, முதல் நாளே ஒரு வார உணவைச் சுமந்து ஏறும் நமக்கு அது பொருந்தாது. நம் பை மிகக் கனமாக இருப்பதும், கால் கொஞ்சமும் பழகாமல் இருப்பதும் ஒரே நாளில்தான். அந்த நாளில் பெரிய ஏற்றத்தை வைக்கவே கூடாது என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன்.

இறக்கத்தைக் கணக்கில் சேர்க்காமல் விடுவதும் உண்டு. அதே வெள்ளை மலைகளில் உள்ள மூசிலாக் மலையின் வடபுறம் பீவர் புரூக் அருவியை ஒட்டி இறங்கும் பாதையில், வழுவழுப்பான பாறையில் மரக்கட்டைகளைப் படியாகப் பதித்திருக்கிறார்கள், பிடித்துக்கொள்ள இரும்புக் கம்பிகளும் உண்டு. மழை நாளில் சுமையோடு அதில் இறங்குவது ஏறுவதைவிட ஆபத்தானது. பகுதியாக நடப்பவருக்கு இங்கே ஒரு வசதி இருக்கிறது, திசையை நாமே தேர்ந்தெடுக்கலாம். அந்தப் பகுதியை மட்டும் வடக்கிலிருந்து தெற்காக நடந்தால் அருவிப் பக்கம் ஏற்றமாகிவிடும்.

வடக்கு வர்ஜீனியாவில் ‘ரோலர் கோஸ்டர்’ என்றே பெயர் வாங்கிய 13.5 மைல் பகுதி இருக்கிறது. அங்கே பெரிய மலை எதுவும் கிடையாது. சில நூறு அடி ஏறி, அதையே இறங்கி, மறுபடி ஏற வேண்டும், இப்படிப் பத்துக்கு மேல். தொடக்கத்துக்கும் முடிவுக்கும் உள்ள உயர வித்தியாசத்தை மட்டும் பார்த்தால் இவை ஒன்றையொன்று அடித்துக்கொண்டு காணாமல் போய்விடும். ஏறிய அடிகளை மட்டும் தனியாகக் கூட்ட வேண்டும்.

நேரக் கணக்குக்கு ஸ்காட்லாந்துக்காரர் வில்லியம் நெய்ஸ்மித் 1892-இல் ஒரு விதி சொன்னார்: மூன்று மைலுக்கு ஒரு மணி, 2,000 அடி ஏற்றத்துக்கு இன்னொரு மணி. வெள்ளை மலைகளின் வழிகாட்டி நூல்கள் மைலுக்கு அரை மணி, 1,000 அடிக்கு அரை மணி என்று கொள்கின்றன. பிந்தையதையே நான் எடுத்துக்கொள்கிறேன். வைல்டுகேட்டின் அந்த இரண்டு மைலுக்கு இரண்டு மணி நேரம் வரும். முழுச் சுமையோடு எனக்கு ஆவது மூன்று. உங்கள் விகிதத்தைத் தெரிந்துகொள்ள, வீட்டுக்குப் பக்கத்தில் உள்ள ஒரு குன்றில் அதே எடைப் பையோடு ஒருமுறை ஏறிக் கடிகாரத்தைப் பாருங்கள். இந்த விதிகள் எதிலும் காலுக்குக் கீழே இருக்கும் தரை கணக்கில் இல்லை. மண்ணா, வேரா, கல்லா என்பதை அங்கு அண்மையில் நடந்தவர்களின் புகைப்படங்களைப் பார்த்தே அறிய வேண்டியிருக்கிறது. மஹூசுக்கின் அந்த ஐந்து மைலுக்கு விதிப்படி நான்கு மணி நேரம்கூட வராது.

மூன்று ஆண்டுகள் கழித்து என் தம்பியை அதே இடத்துக்கு அழைத்துப் போனேன். பையின் மேல் உறையில் ஒரு தாள் வைத்திருந்தேன்: ‘ஃபுல் கூஸ் – ஸ்பெக் பாண்ட், 5 மைல், 10 மணி நேரம், வேறு எதுவும் கிடையாது.’ நாட்ச்சுக்குள் நடுவே ஒரு பாறை மேல் உட்கார்ந்து, அவசரமில்லாமல் சப்பாத்தியும் தக்காளித் தொக்கும் சாப்பிட்டோம். ஸ்பெக் பாண்டில் கூடாரம் அடித்து முடித்தபோது மணி மூன்றரை. குளத்துத் தண்ணீரில் இன்னும் வெயில் இருந்தது.