பழைய பேஸ்பால் படத்தில் இருப்பவர் யார்? கண்டுபிடிக்கும் வழி

பெயர் தெரியாத பேஸ்பால் படம் ஒன்று கையில் கிடைத்ததும் எல்லோரும் முகத்தைத்தான் உற்றுப் பார்க்கிறார்கள். முகத்தைக் கடைசிக்கு வையுங்கள். தொப்பியின் முன்விளிம்பு நெற்றியை மறைத்துவிடும். அதன் நிழலில் கண்ணும் சரியாகத் தெரியாது. மிச்சமிருக்கும் மூக்கையும் தாடையையும் வைத்துப் பார்த்தால் அணியில் பாதிப் பேர் அண்ணன் தம்பி மாதிரி இருப்பார்கள். உடை, ஆண்டு, கை, உயரம் என்று ஒவ்வொன்றாகப் பார்த்து, பொருந்தாதவர்களைக் கழித்துக்கொண்டே வர வேண்டும். மிஞ்சும் இரண்டு மூன்று பேருக்குள் தீர்ப்புச் சொல்லத்தான் முகம்.

பழகிப் பார்க்க அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தின் பெயின் தொகுப்பை விட நல்ல இடம் இல்லை. நியூயார்க்கில் ஜார்ஜ் கிரந்தம் பெயின் நடத்திய செய்திப்பட நிறுவனத்தின் கண்ணாடி நெகட்டிவ்கள் அவை. நூலகத் தளத்தில் இலவசமாகவே கிடைக்கும். சிறிய ஜேபெக் படம் வேண்டாம். பெரிய டிஃப் கோப்பையே இறக்கிக்கொள்ளுங்கள். சட்டைப் பொத்தானை எண்ணும் அளவுக்குப் பெரிதாக்க வேண்டியிருக்கும்.

ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். தகட்டின் ஓரத்தில் கையால் எழுதிய பெயர் ‘காலின்ஸ்’, அவ்வளவுதான். 1900-களிலும் 1910-களிலும் அமெரிக்கன் லீகில் (அந்நாட்டின் இரண்டு பெரிய பேஸ்பால் லீகுகளில் ஒன்று) பேர் சொல்லும்படி ஆடிய காலின்ஸ்கள் குறைந்தது நால்வர். ஜிம்மி, எடி, ரே, ஷேனோ. யார் இவர்?

முதலில் உடை. நெஞ்சில் பெரிய ‘எஸ்’, அதன் மேல் வளைவுக்குள் ‘ஓ’, கீழ் வளைவுக்குள் ‘எக்ஸ்’ என்றால் சிகாகோ வைட் சாக்ஸ். கூப்பர்ஸ்டவுனில் உள்ள பேஸ்பால் புகழ் மன்றம், மார்க் ஒக்கோனன் வரைந்த சீருடைப் படங்களை அணிவாரியாக, ஆண்டுவாரியாக இணையத்தில் வைத்திருக்கிறது. காலர், தொப்பிக் கோடு, காலுறைப் பட்டை எல்லாவற்றையும் அதனோடு ஒப்பிடுங்கள். முதுகில் எண்ணைத் தேட வேண்டாம். 1929-இல் நியூயார்க் யாங்கீஸ் அணி நிரந்தரமாக முதுகில் எண் போடத் தொடங்கிய பிறகுதான் அந்த வழக்கம் பரவியது. கையில் கறுப்புப் பட்டை இருந்தால் அது பெரிய துப்பு: 1920-இல் பந்து தலையில் பட்டு இறந்த ரே சாப்மனுக்காக கிளீவ்லாந்து அணியினர் அப்படிக் கட்டியிருந்தார்கள்.

அடுத்து ஆண்டும் ஆள் பட்டியலும். ஆட்டக்காரர்களின் புள்ளிவிவரங்களைத் தொகுத்து வைத்திருக்கும் பேஸ்பால் ரெஃபரன்ஸ் தளத்தைத் திறந்தால், ஜிம்மியும் ரேயும் சிகாகோவுக்கு ஆடவே இல்லை என்பது ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். ஆனால் எடியும் ஷேனோவும் 1915 முதல் 1920 வரை ஒரே அணியில் இருந்திருக்கிறார்கள். இனிதான் வேலையே.

எடி இடக்கை மட்டையாளர், 5 அடி 9 அங்குலம். ஷேனோ வலக்கை மட்டையாளர், 6 அடி. படத்தில் இருப்பவர் மட்டையை வலக்கையாளராகப் பிடித்திருக்கிறார். அப்படியானால் ஷேனோ என்று எழுதிவிடலாமா? கூடாது. படம் இடவலமாகத் திரும்பியிருந்தால் எடிதான் ஷேனோவாகத் தெரிவார். நெகட்டிவைப் புரட்டிவைத்து அச்சிடுவது சர்வ சாதாரணம். டாப்ஸ் நிறுவனம் 1957-இல் வெளியிட்ட ஆட்டக்காரர் பட அட்டையில், வலக்கை மட்டையாளரான ஹாங்க் ஆரன் இடக்கை மட்டையாளராக நிற்பதும் இப்படி வந்ததுதான். சட்டையில் 44 என்ற எண்ணே இடவலமாகத் திரும்பிக் கிடக்கிறது.

ஆகவே கையைப் பார்க்கும் முன் படம் நேராக இருக்கிறதா என்று பாருங்கள். சாக்ஸ் சின்னத்தில் ‘ஓ’வும் ‘எக்ஸும்’ கண்ணாடியில் பார்த்தாலும் மாறாத எழுத்துகள், அவற்றை நம்பிப் பயனில்லை. ‘எஸ்’ ஒன்றுதான் காட்டிக்கொடுக்கும். மேல் வாய் வலப்பக்கம் திறந்திருந்தால் படம் நேர். மட்டையோ கையோ சின்னத்தை மறைத்தால் பொத்தான் வரிசைக்குப் போங்கள்: ஆண்கள் சட்டையில் அணிபவரின் இடப்பக்க மடிப்புதான் மேலே வரும், அவர் நம்மைப் பார்த்து நின்றால் அது நமக்கு வலப்பக்கம். அதுவும் தெரியாவிட்டால் பின்னணி விளம்பரப் பலகை. அதே ஆள் கையுறையோடு நிற்கும் படம் இருந்தால் இன்னும் சுலபம். எடி, ஷேனோ இருவருமே வலக்கையால் எறிபவர்கள். கையுறை வலக்கையில் தெரிந்தால் படம்தான் திரும்பியிருக்கிறது.

விளையாட்டுக்குச் செய்பவர்களும் உண்டு. 1959 டாப்ஸ் அட்டையில் வலக்கைப் பிட்சர் (பந்தெறிபவர்) லூ பர்டெட், புகைப்படக்காரரை ஏமாற்ற இடக்கையாளர் போல நின்று கொடுத்தார். நின்று எடுத்த படத்தை விட ஆட்டத்தின் நடுவே எடுத்த படத்துக்கு நான் அதிக மதிப்பெண் போடுவேன்.

மைதானத்தையும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள். பெயின் நியூயார்க்காரர் என்பதால் சிகாகோ ஆட்டக்காரர்கள் பெரும்பாலும் விருந்தாளிகளாக, வெளியூர் உடையில்தான் அகப்படுவார்கள். 1913 முதல் 1922 வரை யாங்கீஸ் ஆடியது நியூயார்க்கின் போலோ கிரவுண்ட்ஸ் மைதானத்தில். பின்னணியில் தென்னை தெரிகிறதே, போலிப் படம் என்று அவசரப்படவும் வேண்டாம். 1889-இல் விளையாட்டுப் பொருள் வியாபாரி ஆல்பர்ட் ஸ்பால்டிங் உலகம் சுற்றக் கூட்டிப்போன குழு கொழும்பிலும் ஆடியிருக்கிறது.

இப்போது முகம். காதிலிருந்து தொடங்குங்கள். சோணை கன்னத்தோடு ஒட்டியிருக்கிறதா, தொங்குகிறதா. மடலின் உள்மடிப்பு எப்படி வளைகிறது. உடல் பருத்தாலும் இளைத்தாலும் இவை அதிகம் மாறுவதில்லை. ஏறக்குறைய அதே வயதில், அதே கோணத்தில் எடுத்த, பெயர் உறுதியான படத்தைப் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். ஒரு முகத்தின் மேல் இன்னொன்றை மங்கலாகப் படியவைக்கும் வித்தை எனக்குப் பிடிக்காது. கொஞ்சம் இழுத்து நீட்டினால் எவர் முகமும் எவரோடும் பொருந்திவிடும். செயற்கை நுண்ணறிவால் தெளிவாக்கிய படம் கூடவே கூடாது. அது இல்லாத காதைத் தானே வரைந்து வைக்கும். பத்து ஒற்றுமைகளை விட விளக்க முடியாத ஒரு வேற்றுமை கனமானது என்பதை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

பிற்சேர்க்கை: உடையும் ஆண்டும் சரியாக இருந்தும் பட்டியலில் யாருமே பொருந்தவில்லை என்று இரண்டு வாசகர்கள் எழுதியிருந்தார்கள். சீருடை போட்டவர் எல்லாம் ஆட்டக்காரர் அல்லர். பயிற்சியாளரும் போடுவார். வசந்தகால முகாமுக்கு வந்து, ஓர் ஆட்டம்கூட ஆடாமல் ஊர் திரும்பியவர்களும் போட்டிருப்பார்கள். பேஸ்பால் ரெஃபரன்ஸின் அந்த ஆண்டு அணிப் பட்டியலில் அவர்கள் பெயர் இராது. அந்த மாதத்துச் செய்தித்தாளில்தான் தேட வேண்டும். பெயர் மாற்றி ஆடியவர்களும் உண்டு. நம் எடியே 1906-இல், கல்லூரி மாணவராக இருந்தபோது, பிலடெல்பியா அணிக்கு ‘சல்லிவன்’ என்ற பெயரில்தான் இறங்கினார்.

இன்னொருவர் கேட்டது தபால் அட்டையாக அச்சான புகைப்படம் பற்றி. பின்பக்கத்தில் தபால்தலை ஒட்டும் கட்டத்தைப் பாருங்கள். ‘ஏஸோ’ (AZO, புகைப்படத் தாளின் வணிகப் பெயர்) என்ற எழுத்தோடு நான்கு முக்கோணங்களும் மேல்நோக்கி இருந்தால் அட்டை ஏறக்குறைய 1904 முதல் 1918 வரையிலானது; இரண்டு மேலும் இரண்டு கீழுமாக இருந்தால் 1918-க்குப் பிந்தியது. இது காகிதத்தின் வயது மட்டுமே. பழைய நெகட்டிவைப் புதுத் தாளில் யாரும் அச்சிட்டிருக்கலாம். எனக்குப் படம் அனுப்புகிறவர்கள் பின்பக்கத்தையும் ஸ்கேன் செய்து அனுப்புங்கள். முகத்தை மட்டும் வெட்டி அனுப்பி ‘இவர் யார்’ என்று கேட்டால் பதில் வராது.