கேட் (CAD) மாடலிங்கில் பிளேனும் ஒரிஜினும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

கணினியில் பாகங்களை வடிவமைக்கும் கேட் மென்பொருளில் ஒரு தகடு வரைகிறோம்: 100 மி.மீ. நீளம், நடுவில் ஒரு துளை. செவ்வகத்தின் இடது மூலையை ஒரிஜினில் (அச்சுகள் சந்திக்கும் பூஜ்ஜியப் புள்ளி) வைத்து, துளைக்கு இடது விளிம்பிலிருந்து 50 என்று அளவு கொடுத்தாயிற்று. பார்க்கச் சரியாகத்தான் இருக்கும். பிறகு நீளத்தை 120 ஆக்கினால், துளை நடுவிலிருந்து 10 மி.மீ. விலகி நிற்கும். மென்பொருள் மேல் குற்றமில்லை. 'நடுவில்' என்று நாம் அதனிடம் சொல்லவே இல்லையே, '50' என்றுதானே சொன்னோம்!

சமச்சீரான பாகமென்றால் சென்டர் ரெக்டாங்கிள் (நடுப்புள்ளியிலிருந்து வரையும் செவ்வகம்) வரைந்து, நடுப்புள்ளியை ஒரிஜினில் பொருத்துங்கள். எக்ஸ்ட்ரூடையும் (வரைந்த வடிவத்துக்குத் தடிமன் கொடுப்பது) இரு பக்கமும் சமமாகக் கொடுங்கள். அப்புறம் மிரர் செய்ய (மறுபக்கத்தில் பிரதிபலிக்க) தனியாக ஒரு பிளேன் (தட்டையான ஆதாரத் தளம்) வேண்டியிருக்காது. அதற்காக எல்லாப் பாகத்துக்கும் நடுப்புள்ளிதான் என்றில்லை. அளவுகள் அனைத்தும் ஒரே மூலையிலிருந்து எடுக்கப்படும் பாகத்துக்கு அந்த மூலையே பொருத்தம். கடைசல் பாகங்களுக்கு மட்டும் யோசனையே வேண்டாம், சுழல் அச்சு ஒரிஜின் வழியாகத்தான் போக வேண்டும்.

ஸ்கெட்ச்சை (பாகத்துக்கு அடிப்படையான தட்டை வரைபடம்) ஒரிஜினோடு கட்டாமல் அந்தரத்தில் விடுவதும் சகஜம். கோட்டை இழுத்துப் பாருங்கள், நகர்ந்தால் கன்ஸ்ட்ரெயின்ட் (கோட்டை நகராமல் கட்டும் அளவு, நிபந்தனை) போதவில்லை.

அதிகம் படுத்துவது முகத்தின் மேல் நேரடியாக ஸ்கெட்ச் போடுவதுதான். மேல் முகத்தைக் கிளிக் செய்தோம், வட்டம் வரைந்தோம், வேலை முடிந்தது. பிறகு முந்தைய படியில் ஒரு பள்ளம் வெட்டினால் அந்த முகம் இரண்டாகப் பிரியலாம், அதன் உள் எண் மாறலாம். அதை நம்பியிருந்த ஸ்கெட்ச் வேறு முகத்துக்குத் தாவும், இல்லையென்றால் பிழை காட்டும். ஃப்ரீகேட் என்ற இலவச கேட் மென்பொருளின் பயனர்களுக்கு இது பழைய தலைவலி. 2024-இல் வந்த 1.0 பதிப்பில் பெருமளவு குறைந்திருக்கிறது. ஆனாலும் முக்கியமான ஸ்கெட்ச்சை அடிப்படை பிளேனிலோ (ஒரிஜின் வழியாக மென்பொருளே தருவது) அதிலிருந்து ஆஃப்செட் செய்த, அதாவது குறிப்பிட்ட தூரம் தள்ளி வைத்த பிளேனிலோ வைப்பதே பாதுகாப்பு.

இங்கேதான் அடுத்த தவறு. அடிப்படை பிளேனிலிருந்து ஒரு பக்கமாக மட்டும் எக்ஸ்ட்ரூட் செய்த, 20 மி.மீ. தடிமனுள்ள தகட்டுக்கு ஆஃப்செட்டையும் 20 என்று கையால் தட்டிவிடுவார்கள். தடிமன் 25 ஆனதும் பிளேன் தகட்டுக்குள் 5 மி.மீ. புதைந்துவிடும். தடிமனுக்கு ஒரு பெயர் வைத்து, எக்ஸ்ட்ரூடுக்கும் ஆஃப்செட்டுக்கும் அதே பெயரைக் கொடுங்கள். அந்தப் பிளேனுக்கும் ஒரு பெயர் வையுங்கள். 'பிளேன்7' எதற்கென்று ஒரு மாதம் கழித்து யாருக்கும் நினைவிருக்காது.

ஃபில்லட் (வளைத்த விளிம்பு), சேம்ஃபர் (சரிவாக வெட்டிய விளிம்பு) ஆகியவற்றின் விளிம்புகளை ஆதாரமாக எடுக்கவே வேண்டாம். அவை கடைசியில் வருபவை, அடிக்கடி மாறுபவை, சில சமயம் நீக்கப்படுபவை.

முதல் இரண்டு மூன்று படிகள் முடிந்ததுமே முக்கிய அளவுகளைத் தாறுமாறாக மாற்றி ரீபில்ட் செய்து (மாடலை மறுபடி கணக்கிடச் செய்து) பாருங்கள். ஐம்பது படிகள் ஏறிய பிறகு ஆதாரத்தை மாற்றினால், கீழே உள்ள ஒவ்வொரு ஸ்கெட்ச்சையும் திறந்து அளவுகளை மறுபடி கட்ட வேண்டியிருக்கும்.